வியாழக்கிழமைத் தோட்டத்தில் இரண்டு பேர்

ஏப்ரல் 10, வியாழன்
இன்றும் என் வீட்டுக்காரர் கூடவே வந்துவிட்டார். கியோத்தோவில் எத்தனையோ கோயில் இருக்க, என் கோயிலுக்கேதான் வர வேண்டுமா? மரத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து அந்த வெள்ளைச் சரளையையும் கற்களையும் பாசியையும் சும்மா பார்த்துக்கொண்டிருப்பேன். வாரத்தில் எனக்கென்று இருக்கும் ஒரே காலை அது.

அவர் போன மாதம்தான் ஓய்வு பெற்றார். ரயில் ஓட்டியவர். சிக்னலை விரல் நீட்டிக் காட்டி வாய்விட்டுச் சொல்லியே பழகியவர். இன்று தோட்டத்துக் கற்களைக் காட்டி, "பெரிய கல், சரி. சின்னக் கல், சரி" என்றார். கண்மூடி உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு மானமே போயிற்று.

ஏப்ரல் 17
வராதீர்கள் என்று நேராகச் சொல்ல எங்கள் ஊரில் யாருக்கு வாய் வரும்? அந்தத் தரை உங்கள் முழங்காலுக்கு ஆகாதே என்று காலையில் சொல்லிப் பார்த்தேன். எங்கள் தெருக்காரர் யாராக இருந்தாலும் புரிந்துகொண்டு வீட்டிலேயே இருந்திருப்பார்கள். இவர் வடக்கே அவோமோரியில் பிறந்தவர். இவ்வளவு அக்கறையா என்று கண் கலங்கிவிட்டார்.

ஏப்ரல் 24
உட்கார மெத்தை வாங்கிவிட்டார். எனக்கும் ஒன்று.

மே 1
விடுமுறைக் கூட்டம் நெரியுமே என்றேன். விடியும்போதே எழுப்பிவிட்டார். வாசல் திறக்கும் முன்பே போய் முதல் ஆளாக நின்றோம். என்னத்தைச் சொல்ல!

மே 15
தங்கை கிமியேயிடம் போனில் புலம்பினேன். அக்கா, இன்னும் கொஞ்சம் நாசூக்காகச் சொன்னால் அத்தான் கோயிலுக்கே குடிபோய்விடுவார் என்கிறாள். இப்படியே போனால் எனக்கு அந்தத் தோட்டமும் இல்லை, நிம்மதியும் இல்லை.

மே 22
சொல்லிவிட்டேன்.

கோயில் வாசலில், ஷூ மாட்டும்போது. "நான் இங்க தனியா வரணும். உங்க மேல கோபமில்ல. தனியா வரணும், அவ்வளவுதான்." இத்தனை வருஷத்தில் அவரிடம் எதையும் இப்படி நேராகக் கேட்டதில்லை. முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது — புண்படுத்திவிட்டேனோ?

அவர் கயிற்றைக் கட்டி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"அப்பாடா. எனக்கு இந்தக் கல்லைப் பார்த்தாலே தூக்கந்தான் வருது, சயோ. குறட்டை விட்டா உனக்கு வெக்கமா இருக்குமேன்னுதான் ஒவ்வொண்ணா சொல்லிக்கிட்டு இருந்தேன்."

"பின்ன ஏன் வந்தீங்க?"

"ரிடையரான விருந்துல நீதானே எல்லார் முன்னாடியும் சொன்னே, இனிமே ரெண்டு பேரும் சேர்ந்து தோட்டம் பார்ப்போம்னு. நான் வரலைன்னா நீ மனசு உடைஞ்சு போயிடுவேன்னு நினைச்சேன்."

சொன்னேன்தான். ஒரு மரியாதைக்குச் சொன்னது! அதை நம்பி வாரம் தவறாமல் தூக்கத்தோடு மல்லுக்கட்டியிருக்கிறார், பாவம். பேருந்து நிறுத்தம் வரை சிரித்துக்கொண்டே வந்தோம்.

ஜூன் 5
மழை. தாழ்வாரத்தில் நான் மட்டும். பாசி அப்படி ஒரு பச்சை. யாரும் பேசவில்லை, நானும் எதையும் நினைக்கவில்லை. இதற்குத்தான் ஏங்கினேன், கிடைத்துவிட்டது.

அவர் இப்போதெல்லாம் வியாழக்கிழமை ரயில்வே பாலத்தில் நின்று வண்டிகளைப் பார்க்கிறார். மத்தியானம் நூடுல்ஸ் கடையில் சந்திப்பதாக ஏற்பாடு. முன்பெல்லாம் தாழ்வாரத்தை விட்டு எழுந்திருக்கவே மனம் வராது. இன்று நேரம் ஆகும் முன்பே எழுந்து போய்விட்டேன். அவர் எனக்கு முன்னால் கடைக்கு வந்து, எனக்கும் சேர்த்து நூடுல்ஸ் சொல்லிவிட்டு, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.