அவர் கையில் வைத்த அளவு

ஜூன் 10, செவ்வாய்

பக்ரீத் லீவு முடிந்து கம்பெனி திறந்தாச்சு. வெள்ளிக்கிழமை நான் செய்த கையுறையை ஓட்டிப் பார்க்கலாம் என்று முதலாளி தன்சீல் பாய் சொல்லிவிட்டார்.

தோல் தரம் பிரிக்கப் புதிதாக வருகிறவர்கள் கண்ணில் வி.ஆர். கண்ணாடியும் கையில் என் கையுறையும் மாட்டிக்கொண்டு, எதிரில் இல்லாத தோலைத் தடவிப் பழகணும். விரல் நுனிக்கு ஒரு குட்டிக் காற்றுப் பை. காற்றடிப்பது லாங் பஜாரில் வாங்கின மீன் தொட்டி பம்ப். வெளிநாட்டுக் கையுறை வாங்கணும்னா ஆம்பூரையே எழுதிக் கொடுக்கணும்.

அந்தப் பை விரலை எவ்வளவு அழுத்தணும் என்ற அளவுக்கு இவர் கைதான். என் வீட்டுக்காரர் பிரேம்நாத் தொட்டுத் தரம் சொன்னால் கம்பெனியில் மறுபேச்சு கிடையாது. "கம்மியா இருக்குது, இன்னும் ஏத்து" என்றார். ஏற்றினேன். மறுபடியும் கம்மி என்றார். சரி, பெரிய கைக்காரர் சொல்கிறார் என்று ஏற்றிக்கொண்டே போனேன்.

ஜூன் 13, வெள்ளி

மானம் போச்சு. புதிதாகச் சேர்ந்த ரஃபத் ஜஹான் கையுறையை மாட்டிய கொஞ்ச நேரத்திலேயே கழற்றிப் போட்டாள். விரல் நுனியெல்லாம் சிவந்துவிட்டது. "நசுக்குது மேடம்" என்றாள், அழாத குறையாக.

ஜூன் 14, சனி

நானே மாட்டிப் பார்த்தேன். கண்ணில் தண்ணி வந்துடுச்சு. இதையா கம்மின்னு சொன்னார்?

அவருக்குத் தெரியாமல் காற்றுக் குழாயைப் பிடுங்கிவிட்டு பம்பை மட்டும் ஓடவிட்டு, "அளவை மாத்திட்டேன், பாருங்க" என்றேன். மாட்டிக்கிட்டு, "ஆங், இப்ப சரியா இருக்குது" என்றார்.

காற்றே போகலியே.

குழாயைத் தூக்கிக் காட்டினேன். கையுறையைக் கழற்றி வைத்தார். அப்புறம்தான் சொன்னார், சுகர். ஒரு வருஷமாகவே விரல் நுனி மரத்துக் கிடக்கிறதாம். தோலை மடித்துச் சுருக்கத்தைக் கண்ணால் பார்த்தே தரம் பிரிக்கிறாராம். "எனக்கு வேற இன்னா வேலை தெரியும், சொல்லு." கத்தித் தீர்த்துட்டேன். எங்கிட்ட கூடவா மறைப்பாரு? வேற யார்கிட்ட சொல்வாரு?

ஜூன் 16, திங்கள்

வேறு ஆள் கையை வைத்து அளவு எடுக்கிறேன் என்று தன்சீல் பாயிடம் கேட்டேன். "பிரேம்நாத் கையை விட நல்ல கை எங்கம்மா இருக்குது?" என்று சிரித்தார். வாய் வரைக்கும் வந்துச்சு. சொன்னால் இவர் வேலை போகும். சொல்லாவிட்டால் என் கையுறை போகும். ரெண்டு வருஷம் பைத்தியம் மாதிரி உழைத்தது.

பம்ப் கோளாறு என்றேன்.

"அப்போ வேணாம்மா. பம்பை நம்பி பொண்ணுங்க விரலைக் கொடுக்க முடியாது."

ஜூன் 17, செவ்வாய்

கையுறையை அட்டைப் பெட்டியில் போட்டு பரணில் ஏற்றினேன். அழுதேன். இவர் வாசலிலேயே நின்றார், உள்ளே வரவில்லை.

ஜூன் 20, வெள்ளி

தன்சீல் பாய் புது ஏற்பாடு செய்திருக்கிறாராம். மெஷினெல்லாம் வேண்டாம், ரஃபத்தும் மற்ற பெண்களும் பிரேம்நாத் பக்கத்திலேயே நின்று தொட்டுக் கற்றுக்கொள்ளட்டும் என்று. இவர் தலையை ஆட்டிவிட்டு வந்திருக்கிறார். அந்தப் பொண்ணுங்களுக்கு இன்னா சொல்லிக்கொடுப்பார்?

நான் சொன்ன பொய்யால் வந்தது இது.

ஜூன் 23, திங்கள்

இன்று முதல் நாள். காலையில் கண்ணாடி முன்னால் சட்டைப் பட்டனைத் தடவிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "இந்தப் பட்டனைக் கொஞ்சம் போட்டு விடு" என்றார்.

கழுத்து வரைக்கும் போட்டுவிட்டேன்.