நம் ஊர் ஆட்டத்துக்கு நான் வராதது பற்றி

அன்புள்ள அம்மாவுக்கு, வாஜா வணங்கி எழுதுவது. உங்கள் மூட்டுவலி இப்போது குறைந்திருக்கிறதா?

ஐரோப்பியக் கால்பந்துக் கோப்பையில் எங்கள் செக் நாட்டு அணிக்கு நம் ஊரான குட்டாய்சியின் அணியோடு ஆட்டம் என்று தெரிந்ததுமே பெட்டியை அடுக்கிவிட்டேன். புறப்படுவதற்கு முதல் நாள் பயிற்சியில் முழங்கால் லேசாகப் பிசகியது. பயப்படாதீர்கள், நடக்கிறேன். நீங்கள் கலங்குவீர்கள் என்றுதான் சொல்லவில்லை.

ஆட்டத்தை இங்கே தொலைக்காட்சியில் பார்த்தேன். நம் ஊர் ஜெயித்தது, நாங்கள் கோப்பையிலிருந்து வெளியேறினோம். யாருக்கும் தெரியாமல் சந்தோஷப்பட்டேன்.

திரும்பி வந்த கேப்டன் ராடிம் ஒரு பொட்டலத்தை நீட்டினான்.

"பஸ் வாசல்ல ஒரு அம்மா ஒவ்வொருத்தன் முகமா பாத்துக்கிட்டே நின்னாங்கடா. உன் பேரைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாங்க. வரலைன்னு கையை ஆட்டினேன். இதை என் கையில திணிச்சுட்டுப் போயிட்டாங்க. பசங்க கேட்டானுங்க, நான் குடுக்கலை."

பாலாடைக்கட்டி ரொட்டி ஆறிப்போயிருந்தது. நின்றபடியே முழுவதையும் தின்றேன்.

லீக்கில் மூன்றாம் இடத்தில் இருக்கிறோம். இப்படியே முடித்தால் அடுத்த வருடமும் ஐரோப்பாவில் ஆடலாம். ஆனால் குலுக்கலில் எதிரணியாக எந்த ஊர் வருமோ.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்புங்கள். மருத்துவர் கூப்பிடுகிறார், போகிறேன். அன்று பஸ் வாசலில் எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்று மட்டும் எழுதுங்கள்.

உங்கள் வாஜா