நொண்டி நாரை உட்கார்ந்த படகு

பழவேற்காடு
ஞாயிறு, பூசை முடிந்து வந்து எழுதுகிறேன்

என் செல்ல மகன் வின்சென்டுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் உன் அப்பாவும் ஆண்டவர் கிருபையில் சுகம், அப்பாவின் முழங்காலை மட்டும் இதில் சேர்க்காதே. நீயும் உன் கப்பலும் எந்தக் கடலில் இருந்தாலும் சுகமாக இருக்க வேண்டும் என்று ஜெபிக்கிறேன். இனி கரை தொடும்வரை சிக்னல் கிடைக்காது என்று சொல்லிவிட்டுப் போனாய், அன்றிலிருந்து போனைக் கையில் வைத்துக்கொண்டே சமைக்கிறேன், என்றைக்காவது அதைக் குழம்பில் போட்டுவிடப் போகிறேன். அனுப்பம்பட்டு ரஞ்சித்குமார் சிங்கப்பூரில் உன் கப்பலில் ஏறப் போகிறானாம், அவனிடம் இந்தக் கடிதத்தையும் வறுத்த நெத்திலியையும் கொடுத்தனுப்புகிறேன். வழக்கம்போல எல்லோருக்கும் வாரிக் கொடுத்துவிட்டு நீ வெறும் வாயை மெல்லாதே.

இந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை வின்சென்ட். ஒரு பெண் பிள்ளையின் படிப்பு என்னால் நின்றுபோக இருந்தது. எட்டாம் வகுப்பு ஜமுனாவைப் பற்றி உன்னிடம் சொல்லியிருக்கிறேன், குப்பத்துச் செங்கல்வராயன் மகள், எதைக் கேட்டாலும் கடைசி பெஞ்சிலிருந்து மெதுவாகச் சரியான பதில் சொல்லுமே, அந்தப் பெண். வெள்ளிக்கிழமைகளில் நூலக வகுப்பில் அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு நாவல் வாசிக்கிறேன். தெருவில் பந்தக்கால் நட்டிருந்தால் கல்யாண வீடு என்று யாரும் சொல்லாமலே தெரிகிறது இல்லையா, கதையிலும் அப்படிச் சில பொருள்கள் உண்டு, ஒரு பொருள் திரும்பத் திரும்ப வந்தால் அது சும்மா வராது, எழுதியவர் எதற்கோ அதை வைத்திருக்கிறார் என்று சொல்லிக் கொடுத்தேன். வரும்போதெல்லாம் ஓரத்தில் பென்சிலால் கோடு போடச் சொன்னேன். அந்த நாவலில் வருவது ஒரு நொண்டி நாரை. அது வந்த பிறகு கதையில் வரும் சிறுமியின் தாத்தா சாகிறார். அடுத்து வந்தபோது கன்றுக்குட்டி செத்தது. மூன்றாவதாக வெள்ளம் வரும் நேரத்தில், அவளுடைய அப்பா ஓட்டும் தோணியின் முனையில் வந்து உட்கார்ந்தது. அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். போட்ட கோடுகளை வைத்து அடுத்து என்ன நடக்கும் என்று யோசித்துக்கொண்டு வாருங்கள், மீதியை அடுத்த வாரம் வாசிக்கிறேன் என்றேன். பிள்ளைகள் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமைதான் வினையாக வந்தது.

நாவலை எழுதியவர் ஆற்றங்கரைக்காரர், அவருக்கு நாரை அதிசயமாக இருந்திருக்கலாம். நம் ஏரியில் நாரை உட்காராத படகு எங்கே இருக்கிறது? காலில் நீல நைலான் நூல் சுற்றிக்கொண்டு நொண்டும் நாரை ஒன்று செங்கல்வராயன் படகில் வந்து உட்கார்ந்திருக்கிறது, ஜமுனா பார்த்திருக்கிறாள், மறுபடி பார்த்திருக்கிறாள், மூன்றாவது முறையும் பார்த்துவிட்டாள். மறுநாள் அவருக்குப் பாடு. பாடு என்றால் உனக்குத் தெரியும், முகத்துவாரத்துப் பக்கம் இறாலுக்கு வலை கட்ட வீட்டுக்கு வீடு முறை வைத்திருக்கிறார்கள், தவறவிட்டால் எல்லா வீட்டையும் சுற்றி வந்த பிறகுதான் மறுபடி நம் முறை. விடிந்து பார்த்தால் வலை கண்டபடி அறுந்து கிடக்கிறது. அந்தப் பெண் அரிவாள்மனையால் அறுத்திருக்கிறாள். அது யாருக்கும் தெரியாது, அடுத்த பாடு உதயகுமாருக்கு, அவன்தான் பொறாமையில் செய்தான் என்று இரண்டு வீடும் படகுக் கழியைத் தூக்கிவிட்டார்கள். ஒருத்தர் மண்டை உடைய இருந்த நேரத்தில் இவள் நடுவில் ஓடி வந்து, நான்தான் அறுத்தேன், நைனா தண்ணிக்குப் போகக்கூடாதுனுதான் அறுத்தேன், எலிசபெத் டீச்சர்தான் சொன்னாங்க மூணு தடவ வந்தா சும்மா வராதுனு என்று கத்தியிருக்கிறாள்.

அவ்வளவுதான், என் பெயர் குப்பம் முழுக்க நாறிப்போனது. டீச்சர் பிள்ளைகளுக்குச் சகுனம் பார்க்கக் கற்றுத் தருகிறாள், குறி சொல்கிறாள் என்று பேச்சு. செங்கல்வராயன் மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி இறால் கம்பெனிக்குத் தோல் உரிக்க அனுப்பப் போவதாகச் சொல்லிவிட்டார். தலைமையாசிரியரோ நாவலும் வேண்டாம் நாரையும் வேண்டாம், மன்னிப்புக் கேட்டுவிட்டு வாருங்கள் என்றார். கேட்டதும் பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. பிள்ளையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஊர்க் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள், அதுவும் உன் அப்பாவை. பாடு பேசும் கூட்டத்தில் பெண்கள் நிற்கும் வழக்கம் இல்லையாம், டீச்சருக்குப் பதிலாக வீட்டுக்காரர் வரட்டும் என்றார்கள். உன் அப்பா, பாடம் எடுத்தது அவ, நான் போய் இன்னாத்த சொல்றது என்று சொல்லிவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு என் பின்னாலேயே வந்தார். புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் நடுவில் நின்றேன். ஊர்ப் பெரியவர் தருமலிங்கம் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இன்னாமா சொல்லப் போற என்றார். நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை, பாதியில் நிறுத்திய கதையை முடிக்கப் போகிறேன், நிறுத்தியது என் தப்பு என்றேன். ஒருத்தர் சிரித்தார். வாசிக்க ஆரம்பித்தேன்.

கடைசி அத்தியாயத்தில் வெள்ளம் தோணியை அடித்துக்கொண்டு போகிறது, அந்தச் சிறுமி கரையிலேயே நிற்கிறாள், விடியும்போது அவளுடைய அப்பா சேறும் சகதியுமாகத் தோணியை இழுத்துக்கொண்டு நடந்து வருகிறார். யாரும் சாகவில்லை. அட, ஆளு பூட்டான்னு இல்ல நெனச்சேன் என்று உதயகுமார் சத்தமாகவே சொன்னான். செங்கல்வராயன் மட்டும் முகம் இறுகி, சாவு இல்லன்னா அந்தப் பறவை எதுக்கு வந்துச்சு என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், தூண் மறைவில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஜமுனா பேசினாள். அது சாவுக்கு வரல நைனா, அந்தப் பொண்ணு யாருக்கு இன்னா ஆவுமோனு பயந்துகினு இருக்கும்போதெல்லாம் வருது, அத அவ மட்டும்தான் பாக்கிறா, வேற யாருமே பாக்கல என்று சொன்னாள். இத்தனை வருஷம் படித்தும் எனக்குத் தோன்றாத விஷயம். வீட்டுக்கு வந்து புரட்டிப் பார்த்தேன், உண்மைதான்.

நீ எதுக்குப் பயந்த என்று செங்கல்வராயன் அவளைக் கேட்டார். போன வருஷம் முகத்துவாரத்துல நீ படகோட கவுந்தியே, அன்னிலேர்ந்து என்றாள். அன்னிக்கு நீ அழவே இல்லியேம்மா, சோறு போட்டியே என்று சொல்லிவிட்டு அந்த மனிதர் தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது, அத்தனை ஆண்கள் நடுவில் நின்று அழுதேன். மறுநாள் காலையில் அவரே அவளைப் படகில் கொண்டுவந்து பள்ளியில் இறக்கிவிட்டார். சாயங்காலம் வந்து என்கூட உட்கார்ந்து அறுந்த வலையை முடியணும் என்று மட்டும் சொன்னாராம். போன பாடு போனதுதான், உதயகுமார் வீட்டோடு இன்னும் பேச்சுவார்த்தை இல்லை, தலைமையாசிரியர் என்னைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார். ஆனால் பிள்ளை வகுப்பில் இருக்கிறாள்.

நீ மேல்தளத்தில் வேலை செய்யும்போது ஹெல்மெட்டைக் கழற்றாதே, ராத்திரியில் ஒன்றும் சாப்பிடாமல் படுக்காதே. அந்தோணியார் உனக்குத் துணையிருப்பார், அம்மாவின் ஆசீர்வாதமும் அப்பாவின் ஆசீர்வாதமும் எப்போதும் உன்னோடு இருக்கும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், சிரிக்காதே. நம் வீட்டுச் சுற்றுச்சுவரில் நேற்று ஒரு நாரை வந்து உட்கார்ந்திருந்தது, காலில் நீல நூல். மீன் கழுவிய தண்ணீருக்கு வந்திருக்கும், துடைப்பத்தைக் காட்டி விரட்டினேன். இன்று பூசைக்குக் கிளம்பும்போதும் இருந்தது. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், எங்கே, எனக்கு ஒன்றும் தெரியவில்லையே என்கிறார். அது மூன்றாவது முறை வருவதற்குள் போன் பண்ணிவிடு, ராஜா.

உன் அம்மா,
எலிசபெத் சாலமன்