முடிவுக்கோட்டில் அழச் சொல்கிறார்கள்

அன்பு மகளுக்கு,

இவ்விடம் நானும் உன் அப்பாவும் நலம். அவ்விடம் நீ நலமா என்பதைத் தொலைக்காட்சியில் தெரியும் உன் முகத்தைக் கொண்டுதான் ஊகிக்க வேண்டியிருக்கிறது. அந்த முகமோ வென்றாலும் தோற்றாலும் வங்கியில் டோக்கன் கூப்பிடுகிறவர் முகம் போலவே இருக்கிறது. ஆகையால் உன் நலத்தைப் பதில் கடிதத்தில் நீயே எழுதித் தெளிவுபடுத்துவாயாக.

அப்பாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. குனியக்கூடாது, கனம் தூக்கக்கூடாது என்று மருத்துவர் சொன்னதை, எழுந்திருக்கவே கூடாது என்று அவர் பொருள் கொண்டுவிட்டார். நாள் முழுவதும் நாற்காலியில் அமர்ந்து சைக்கிள் பந்தயம் பார்க்கிறார். இதில் நான் உன்னிடம் மறைக்க விரும்பாத செய்தி ஒன்று உண்டு. உன் அப்பா, ஊரெல்லாம் 'குருவி' என்று செல்லப்பெயரிட்டு அழைக்கும் அந்தப் போட்டியாளரின் ரசிகராகிவிட்டார். ஆம், உன்னிடம் தோற்றுத் தோற்றே உலகப்புகழ் பெற்ற அதே குருவிதான். சென்ற ஞாயிறு மலைப்பாதையில் நீ முதலாவதாக வந்தாய். இவரோ இரண்டாவதாக வந்தவளுக்குக் கைதட்டினார். கீழ் வீட்டுத் தையற்காரரும் சேர்ந்து தட்டினார். "அவளைப் பாத்தா நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி இருக்கு" என்றார் அப்பா. அப்படியானால் நம் வீட்டில் பிறந்தவள் யார் வீட்டுப் பெண் என்று கேட்டேன். தையற்காரர் காஜா எடுக்க வேண்டியிருக்கிறது என்று இறங்கிப் போய்விட்டார்.

திரையரங்க வாசலில் இத்தனை காலம் டிக்கெட் கிழித்தவள் நான். கூட்டத்தின் மனம் எந்தப் பக்கம் சாயும் என்பதை எவரும் எனக்குக் கற்பிக்கவில்லை. இடைவேளைகளில் நானே கற்றுக்கொண்டேன். கதாநாயகன் அடிக்கும்போது எழும் விசிலைவிட, அவன் அடி வாங்கும்போது எழும் 'ச்சு'தான் மறுநாள் கூட்டத்தைக் கொண்டுவரும். குருவி அந்த 'ச்சு'வை நன்கு அறிந்தவள் என்பது என் துணிபு. விழுந்தவளுக்காக அவள் நின்றாளாம், போட்டியாளருக்குத் தண்ணீர் கொடுத்தாளாம். கேமராவைச் சுமந்த மோட்டார் சைக்கிள் பக்கத்தில் வரும்போது மட்டும் தாகம் எடுக்கும் போட்டியாளர்களாகப் பார்த்து அவளுக்கு அமைகிறார்கள். மேலும், அவள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் அழுகிறாள். படம் முடிந்து வெளியே வருகிறவர்கள் அழுகையை மறைக்கக் கண்ணாடியை மாட்டுவதைத்தான் நான் கண்டிருக்கிறேன். ஒருமுறை மட்டும், மழையில், கேமரா முன்னால் போன பிறகும் திரையின் ஓரத்தில் அவள் இன்னொருத்தியின் முதுகில் கை வைத்து மேட்டில் தள்ளிக்கொண்டிருந்தாள். என் கருத்துக்கு அது சற்றே இடைஞ்சலாக இருந்ததால் ஒளிபரப்புக் கோளாறு என்று ஒதுக்கிவைத்திருக்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். செவ்வாயன்று உன் அணியின் விளம்பரப் பொறுப்பாளர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். தேன் தடவிய குரல், கேட்டவுடனே எச்சரிக்கையானேன். "மேடம், உங்க பொண்ணு ஜெயிக்கிறாங்க. ஆனா ஜனங்களுக்கு அவங்க மேல ஒட்டுதலே வரல" என்றார். ரசிகர்கள் உனக்கு 'எந்திரம்' என்று பெயர் வைத்திருக்கிறார்களாம். பணம் போடும் நிறுவனம் அடுத்த ஆண்டு உன் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கத் தயங்குகிறதாம். ஆகவே கடைசிப் பந்தயத்துக்கு என்னை விமானத்தில் அழைத்துச்சென்று, உனக்குத் தெரியாமல் முடிவுக்கோட்டருகே ஒளித்துவைத்து, நீ வந்து சேர்ந்ததும் வெளியே விடுவார்களாம். நான் ஓடிவந்து உன்னைக் கட்டிக்கொண்டு அழ வேண்டுமாம். பேருந்துக்குக் காசில்லாமல் நீ சைக்கிளில் பள்ளிக்குப் போன கதையையும் சொல்ல வேண்டுமாம். வாசலிலேயே பேருந்து நின்றது, வரிசையில் நிற்கப் பிடிக்காமல்தான் அவள் சைக்கிளில் போனாள் என்றேன். "அது வேண்டாம் மேடம், அதுல ஃபீலிங் இல்ல" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

இதை அப்பாவிடம் சொல்லி, நம் பெண்ணைவிடக் குருவியிடம் உங்களுக்கு என்ன ஒட்டுதல் என்று நேராகவே கேட்டேன். "நம்மவ ஜெயிச்சிடுவா. அவளுக்கு நான் எதுக்கு? அந்தப் பொண்ணுக்குத்தான் கைதட்ட ஆள் வேணும்னு தோணுது" என்றார். எனக்குக் கோபம் வந்தது. பிறகு கோபம் நின்றுவிட்டது. நீ சிறுவயதில் கீழே விழுந்தால், நாங்கள் ஓடி வருவதற்குள் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டிருப்பாய். ஓடி வந்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நாங்கள்தான் நிற்போம். ஊராரும் அப்படித்தான் நிற்கிறார்கள் போலும்.

அன்றிரவு பாத்திரம் கழுவும்போதுதான் இன்னொரு சந்தேகம் உதித்தது. சென்ற மாதம் என் தொலைபேசி எண்ணை மாற்றினேன். பழைய எண்ணுக்குக் கடன் அட்டைக்காரர்கள் அழைத்துத் தொல்லை கொடுத்ததால், புதியதை உனக்கு மட்டுமே கொடுத்தேன். அரங்க முதலாளிக்கே தெரியாது. அப்படியிருக்க, அந்தத் தேன்குரல்காரருக்கு அதைக் கொடுத்தது யார்? ஒப்பந்தம் போய்விடுமோ என்ற அச்சத்தில் நீயே இந்த நாடகத்துக்கு இசைந்தாயா? அல்லது, இதைத்தான் நான் அதிகம் சந்தேகிக்கிறேன், ஒப்பந்தம் ஒரு சாக்காக, நான் வந்து நிற்க வேண்டும் என்று உனக்கே தோன்றி, அதைக் கேட்க வாய் வராமல் இன்னொருவரைக் கேட்கச் செய்தாயா? மூன்று ஆண்டுகளாக நீ எங்களிடம் எதையுமே கேட்கவில்லை. கேட்காமலிருப்பது கௌரவம் என்று நினைக்கிறாய். அதை யாரிடமிருந்து பெற்றாய் என்பது குறித்து உன் அப்பாவுக்கு ஓர் அபிப்பிராயம் இருக்கிறது. அதை நான் இங்கு எழுதப்போவதில்லை.

என் முடிவு இதுதான். அந்த மனிதரிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். ஒளிந்திருந்து வெளிப்படுவதும் கேட்டவுடன் அழுவதும் எனக்கு இயலாதவை. இதனால் உன் ஒப்பந்தத்துக்குப் பங்கம் வந்தால் பழியை என்மேல் போடு. ஆனால் அரங்கில் விடுப்புக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். மருத்துவரும் அப்பா பயணம் செய்யலாம் என்கிறார். 'வா' என்று நீ ஓர் எழுத்து எழுதினால் போதும், நாங்கள் எங்கள் செலவிலேயே முதல்நாளே வந்து உன் அறையில் உன்னோடு சாப்பிடுவோம். மறுநாள் கேமரா எங்கிருந்தால் எங்களுக்கென்ன.

முழங்கால் வலியை அணி மருத்துவரிடம் மறைக்காதே. நீண்ட ஆயுளும் நிறைந்த பலமும் பெற்று, விழாமலும், விழுந்தால் சற்று மெதுவாக எழுந்தும் வாழ்வாயாக. பதிலை நீயே எழுது. வேறொருவரை அழைக்கச் சொல்லாதே.

இப்படிக்கு,
உன் ஒற்றை எழுத்துக்குக் காத்திருக்கும்
அம்மா