கை தாங்கும் சூடு

5 ஜனவரி 1992, ஞாயிறு

பூசைக்குப் போய்வந்து டீ போட்டால் வடிகட்டியைக் காணோம். அத்தை எடுக்கவில்லையாம். வேறு யார் எடுப்பார்கள்? வாசலுக்குப் போனேன். ஃபியட்டுக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. கட்டிய கணவரின் கால்கள்தான். வடிகட்டியின் வலையை வெட்டி எடுத்து ஏதோ பித்தளைக் குழாயில் வைத்து இறுக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னாங்க இது?"

"பல்சக்கரத் தூளு பம்புக்குள்ள போவக்கூடாது ஜெயா. உனுக்கு வேற வாங்கித் தர்றேன்."

பழைய வேட்டித் துணியில் டீயை வடிகட்டிக் கொடுத்தேன். அதையும் அடியிலேயே படுத்துக்கொண்டு குடித்தார்.

12 ஜனவரி, ஞாயிறு

எதற்கு இந்தக் கூத்து என்று எழுதி வைக்கிறேன். பின்னால் படித்தால் எனக்கே மறந்துபோயிருக்கும்.

காரின் பின் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் பூசணிக்காய் அளவில் ஓர் உருண்டை இருக்கிறது. டிஃபரன்ஷியல். அதற்குள் பல்சக்கரங்கள் எண்ணெயில் ஊறிக்கொண்டு சுற்றுகின்றன. ஊருக்குள் ஓட்டினால் அதற்கு ஒன்றும் ஆகாது. இவர் இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கில் மற்ற கார்களோடு போட்டிக்கு ஓட்டுகிறார். அங்கே எண்ணெய் கொதித்து, பற்கள் ஊளையிட்டு, கடைசியில் சுற்றாமல் பூட்டிக்கொள்கிறது. இதுவரை போன போட்டி எதையும் வண்டி ஓடி முடித்ததில்லை. ஒவ்வொரு தடவையும் கயிறு கட்டி இழுத்துக்கொண்டுதான் முகப்பேருக்கு வந்து சேரும். ஹவுசிங் போர்டு சனம் முழுக்க வேடிக்கை பார்க்கும்.

இப்போது புது யோசனை. எண்ணெயை ஒரு பம்பு வெளியே இழுக்குமாம். காற்றடிக்கிற ஒரு சின்ன ரேடியேட்டர் வழியாகப் போய், ஆறி, மறுபடி உருண்டைக்குள் வந்து விழுமாம். கூலர். ரேடியேட்டரைப் புதுப்பேட்டையிலிருந்து கொண்டுவந்தார், ஏதோ வெளிநாட்டுக் காரில் கழற்றியது.

நான் சண்டை போட்டேன். கத்தவில்லை, கத்தத் தெம்பில்லை. கார்ப்பரேஷன் தண்ணி லாரி வந்தால் குடம் வைக்க வாசலில் இடமில்லை. துணி காயப்போட இடமில்லை. ஆவடி ஃபேக்டரியில் வாரமெல்லாம் இரும்போடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவர், ஞாயிற்றுக்கிழமையும் இரும்புக்கு அடியிலேயே கிடக்கிறார். நான் யாரோடு பேசுவது? சுவரோடா?

கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்துக் கீழே வைத்தார். அப்புறம் சொன்னார்: "மாதா மேல சத்தியம் ஜெயா. இந்த வாட்டி ஓடி முடிக்கலன்னா வண்டிய வித்துடறேன்."

பிப்ரவரி ஒன்பதாம் தேதி போட்டி. காலண்டரில் வட்டம் போட்டுவிட்டேன்.

17 ஜனவரி, வெள்ளி

பொங்கல் லீவு முழுக்க உருண்டையின் மூடியில் ஓட்டை போடுவதிலேயே போயிற்று. கீழே ஓர் ஓட்டை, எண்ணெய் வெளியே வர. மேலே ஓர் ஓட்டை, திரும்பி உள்ளே விழ. டிக்கிக்கு அடியில் ரேடியேட்டர். அதற்குக் காற்று போக, எண்ணெய் டின்னை வெட்டிப் புனல் மாதிரி ஒரு வாய். பார்த்தால் காருக்குப் பின்னால் பால் சொசைட்டி டின் கட்டித் தொங்கவிட்டது போல் இருக்கிறது.

19 ஜனவரி, ஞாயிறு

என் அடுப்பில் கியர் ஆயிலைக் காய்ச்சினார்!

சூடான எண்ணெயைப் பம்பு இழுக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். அழுகின முட்டை நாற்றம். அத்தை ஜெபமாலையை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்துவிட்டார். கல்லானாலும் கணவன் என்று சொல்லிக் கொடுத்தார்கள். கியர் ஆயில் நாறினாலும் கணவன் என்று யாரும் சொல்லவில்லை.

ராத்திரிக் குழம்பிலும் அதே வாசனை. இவர் மட்டும் இரண்டாம் தடவை ஊற்றிக்கொண்டார்.

23 ஜனவரி, வியாழன்

பம்பு மோட்டார் கருகிவிட்டது. மனசுக்குள் ஒரு துள்ளல், பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் அவர் அந்த மோட்டாரைத் துணியில் சுற்றி என் டிபன் பைக்குப் பக்கத்தில் வைத்தார். வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று இந்த மனிதருக்கு இன்றைக்குத்தான் ஞாபகம் வந்ததா?

24 ஜனவரி, வெள்ளி

அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் எங்கள் கம்பெனியில் நாள் முழுக்க மிக்ஸி மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிறேன். சாப்பாட்டு நேரத்தில் இவர் மோட்டாரைச் சுற்ற உட்கார்ந்தேன். பக்கத்து பெஞ்சு பேபி எட்டிப் பார்த்தாள். சத்தியம் பண்ணின கதை அவளுக்குத் தெரியும்.

"உங்க ஊட்டுக்காரரு காருக்கா? நீ சுத்தினா பத்து வருசம் ஓடுமேக்கா. அப்பறம் காரு எப்படி ஊட்ட விட்டுப் போவும்?"

விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்குக் கை நின்றுவிட்டது. கம்பியை ஓரிடத்தில் லேசாகச் சுரண்டிவிட்டால் போதும், ட்ராக்கில் பாதியில் புகைந்துவிடும். யாருக்கும் தெரியாது. சத்தியம் சத்தியம்தான். வாசல் காலியாகிவிடும். குடம், துணிக்கொடி, ஞாயிற்றுக்கிழமை எல்லாம் திரும்பி வரும்.

ஒழுங்காகத்தான் சுற்றினேன். வார்னிஷ் அடித்துக் காயவும் வைத்தேன். நல்லவள் என்பதால் இல்லை. ஓட்டைச் சுற்று சுற்றினால் ராத்திரி எனக்குத் தூக்கம் வராது. இருக்கிற தூக்கமே கொஞ்சம்.

2 பிப்ரவரி, ஞாயிறு

பின் சக்கரங்களைத் தூக்கிக் கட்டைமேல் நிறுத்திவிட்டு வெகு நேரம் இன்ஜினை ஓடவிட்டார். அப்புறம் அணைத்துவிட்டு உருண்டையின்மேல் கையை வைத்தார். எடுக்கவில்லை. முன்பெல்லாம் தொட்டதும் சுர்ரென்று இழுத்துக்கொள்வார்.

"கை தாங்குது ஜெயா! வந்து பாரு!"

இட்லி வெந்துகொண்டிருந்தது. போகவில்லை.

4 பிப்ரவரி, செவ்வாய்

அத்தை அந்தோணியார் கோவிலுக்குப் போய்வந்தார். கல்யாணமான புதிதில் செவ்வாய் தவறாமல் எனக்காகப் போய் மெழுகுவத்தி ஏற்றுவார். ஒன்பது வருஷமாயிற்று. இந்த வீட்டில் பிள்ளைச் சத்தம் கேட்கவில்லை. எப்போது நிறுத்தினார் என்று தெரியவில்லை, நானும் கேட்டதில்லை. இப்போது மெழுகுவத்தி காருக்கு.

ஞாயிற்றுக்கிழமைக்குப் பூ வேண்டுமென்று பூக்காரம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறாராம்.

9 பிப்ரவரி, ஞாயிறு

விடியும்போதே கிளம்பினார். அதற்கு முன் அத்தை காரைச் சுற்றித் தீர்த்தம் தெளித்தார். போன வருஷம் கண்ணாடியில் ஜெபமாலை மாட்டினதற்கு, ஓட்டும்போது எதுவும் தொங்கக்கூடாது என்று இவர் சத்தம் போட்டிருந்தார். அதனால் இந்தத் தடவை முன்பக்கம் போகவே இல்லை. பின்னால் குனிந்து, தரையைத் தொடுகிற மாதிரி என்னவோ செபித்துக்கொண்டிருந்தார். நான் சமையலறை ஜன்னலில் இருந்து பார்த்தேன்.

"நீயும் வாயேன்," என்றார் இவர். இதுவரை ஒரு தடவைகூடப் போனதில்லை. தலைவலி என்றேன்.

மாலை. கயிறு கட்டி இழுத்து வந்தார்கள்.

கை கழுவச் சொம்பில் தண்ணீர் கொடுத்தேன். அவராகத்தான் சொன்னார். "உன் மோட்டாரு கடைசி வரிக்கும் ஓடிச்சு. எண்ணெயும் ஒழுங்கா வந்துச்சு. சூடு மட்டும் எறங்கல. ஏன்னு தெரியல ஜெயா."

ஜெயித்துவிட்டேன். இதுதானே கேட்டேன்?

10 பிப்ரவரி, திங்கள்

காருக்குத் தார்பாய் போட்டு மூடிவிட்டார். எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

15 பிப்ரவரி, சனி

அம்பத்தூர் ஓ.டி.யில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிற ஜம்புலிங்கம் காரைக் கேட்கிறாராம். அடுத்த சனிக்கிழமை பார்க்க வருகிறார். இவர் ஷிஃப்ட்டுக்குப் போன பிறகு, வருகிறவர் நல்லபடியாகப் பார்க்கட்டுமே என்று நானே தார்பாயை நீக்கிக் கழுவினேன். கழுவும்போது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பின்னால் அந்த டின் வாய்க்குள் தண்ணீரைப் பீய்ச்சினேன். பழுப்பாக, கஞ்சி மாதிரி என்னவோ வழிந்தது. கையை விட்டு இழுத்தேன். பூ. கருகி, நசுங்கி, ரேடியேட்டரின் மேல் அடை மாதிரி அப்பிக்கொண்டிருந்த கதம்பம், இரண்டு முழமாவது இருக்கும். நாரின் முனையில் அந்தோணியார் மெடல்.

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

புதுச் சாமானுக்கு முதல் பூ வைத்திருக்கிறார் அத்தை. பையன் கண்ணில் பட்டால் திட்டுவானென்று ஒளித்து வைத்திருக்கிறார். ஒளிக்கக் கிடைத்த இடம், கூலர் மூச்சுவிடுகிற இடம்.

அப்படியென்றால் இவர் போட்ட கணக்கு சரி. நான் சுற்றின சுற்றும் சரி.

அத்தை உள்ளே கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பூவைக் குப்பையில் போட்டேன். மெடலை முந்தானையில் முடிந்துகொண்டேன்.

18 பிப்ரவரி, செவ்வாய்

சொன்னால் அத்தை செத்துப்போவார். இவருடைய அம்மா, நேர்ந்துகொண்டு, இவருடைய போட்டியைக் கெடுத்தார் என்று நான் எப்படிச் சொல்வது? மருமகள் வாயால் வரக்கூடிய பேச்சா?

சொல்லாவிட்டால் கார் போய்விடும். எனக்கு வேண்டியதும் அதுதான். அத்தை மனசும் நோகாது, வாசலும் காலியாகும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

அப்புறம் ஏன் சோறு இறங்கவில்லை?

இவர் சாயந்திரம் வந்து சும்மா உட்கார்ந்திருக்கிறார். தண்ணி லாரி வந்தால் குடம் தூக்குகிறார். துணி காயப்போடுகிறார். என்னோடு பேசவும் செய்கிறார். அந்தப் பேச்சைத்தான் கேட்க முடியவில்லை. வாடகை வீட்டுக்காரரோடு பேசுகிற மாதிரி அவ்வளவு மரியாதை.

22 பிப்ரவரி, சனி

ஜம்புலிங்கம் வந்தார். பானெட்டைத் தட்டினார், கதவைத் திறந்து மூடினார். கூரைமேல் 'எல்' போர்டு எங்கே மாட்டலாம் என்று அளந்தார். கடைசியில் பின்பக்கம் போய்ச் சிரித்தார்.

"இன்னா நைனா இது, பால் டின்னு?"

"அது ஒண்ணுமில்லண்ணே. நான் போட்ட ஒரு தப்புக் கணக்கு. கழட்டிட்டுத் தர்றேன்."

தப்புக் கணக்கு. நான் வாசற்படியில் காபியோடு நின்றிருந்தேன். அதைக் கேட்டதும் எனக்குள் என்னவோ பிய்ந்துபோயிற்று. என் டீ வடிகட்டியைப் போட்டு, என் அடுப்பில் காய்ச்சி, என் கையால் சுத்தின மோட்டார வச்சு... தப்புக் கணக்காமே! யாரு சொன்னா?

"கொஞ்சம் உள்ள வாங்க," என்றேன். வந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து மெடலை உள்ளங்கையில் வைத்தேன். பூவைப் பற்றிச் சொன்னேன். இரண்டே வார்த்தைதான், அதற்குள் புரிந்துகொண்டார். அப்படியே சுவரில் சாய்ந்தார். சிரிக்கிறாரா அழுகிறாரா தெரியவில்லை.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரியவும் கூடாது."

தலையாட்டினார். மெடலைப் பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம், "இருந்தாலும் சத்தியம் பண்ணிட்டேனே ஜெயா. ஓடி முடிக்கலதானே? கொடுத்துடறேன்," என்றார்.

இந்த மனிதரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

நானே வெளியே போனேன். "வண்டி குடுக்கறதா இல்லண்ணே. மன்னிச்சுக்குங்க. காபி குடிங்க," என்றேன். ஜம்புலிங்கம் என்னையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தார். காபியை மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

சொன்னது நான்தானா? என் வாயா அது? இன்னும் எத்தனை ஞாயிற்றுக்கிழமை அந்த இரண்டு காலைப் பார்த்துக்கொண்டு உட்காரப் போகிறேனோ, அந்தோணியாருக்குத்தான் வெளிச்சம்.

4 மார்ச், விபூதிப் புதன்

கோவிலில் இருந்து நெற்றிச் சாம்பலோடு வந்தார், அப்படியே காருக்கு அடியில் போய்விட்டார். பல்சக்கரம் மாற்ற வேண்டுமாம். வேறு வடிகட்டி இன்னும் வாங்கித் தரவில்லை.

11 ஆகஸ்ட், செவ்வாய்

ஞாயிற்றுக்கிழமை மறுபடி போட்டி. எனக்குக் கவலை போட்டியை நினைத்து இல்லை, அத்தை வாங்கப்போகும் பூவை நினைத்து. எப்படித் தடுப்பது? டின் வாயில் வலை அடித்துவிடலாம் என்றார் இவர். வலைமேல் வைத்துவிட்டால்?

சாயந்திரம் அத்தை அந்தோணியார் கோவிலில் இருந்து வந்தார். கையில் மல்லிகைச் சரம். நேரே காருக்குப் பின்னால் போய் நின்றார். நான் கையில் கரண்டியோடு வாசலுக்கு ஓடினேன். அத்தை அந்த டின்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். சிலுவை போட்டுக்கொண்டார். உள்ளே வந்தார்.

"திரும்பு," என்றார்.

திரும்பினேன். என் கொண்டையில் பூவைச் செருகினார். இந்த வீட்டுக்கு வந்த புதிதில் செய்தது, அப்புறம் இன்றைக்குத்தான்.

"அதுக்கு வச்சா மூச்சு முட்டுதாமே. நீ வச்சிக்கோ."

நான் சொல்லவில்லை. இவரும் சொல்லியிருக்க மாட்டார். அப்புறம்தான் ஆணியில் மாட்டியிருந்த கார் சாவியைப் பார்த்தேன். மெடலை இவர் சாவி வளையத்தில் கோத்து வைத்திருந்தார். எத்தனை மாசமாக அது அத்தை கண்ணெதிரே தொங்கிக்கொண்டிருக்கிறது! தான் பூவோடு கட்டி ஒளித்த மெடல் சாவிக்கு எப்படி வந்தது என்று யோசித்தே எல்லாம் புரிந்துகொண்டிருப்பார். தெரிந்ததை இத்தனை நாளும் எங்களிடம் அவர் ஒளித்து வைத்திருந்தார், அவரிடம் நாங்கள்.

கரண்டி கையிலேயே இருந்தது. குழம்பு அடிப்பிடித்துவிட்டது.

16 ஆகஸ்ட், ஞாயிறு

போனேன். வெயில், புழுதி, காது கிழிகிற சத்தம். எது நம் கார் என்று கண்டுபிடிக்கவே பாதிப் போட்டி ஆயிற்று. டின் கட்டின காரைத் தேடினேன், கிடைத்தது.

ஓடி முடித்தது. கடைசிக்கு முந்தின இடம். யாரும் கை தட்டவில்லை. இறங்கியதும் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் பின்னால் போய்க் குனிந்து உருண்டையின்மேல் கை வைத்தார். எடுக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நானும் மண்ணில் முட்டி போட்டுக் கை வைத்தேன். தாங்கியது.

நாளைக்குக் காலையில் தண்ணி லாரி. தூங்க வேண்டும்.