கண்டென்சர் இன்னும் வரவில்லை

5-5-69, திங்கள்

காலை பத்து மணிக்கே வெயில் சுள்ளென்று. மோர்ச்சட்டியில் பல்லி. மோர் போச்சு.

ஃபோர்மேன் கூப்பிட்டார். "அசிஸ்டென்ட் மேனேஜர் பங்களாவுல குளிர் மிஷின் நின்னுபோச்சாம்பா. ஷிப்ட் முடிஞ்சி ஒரு எட்டு பாத்துட்டு வந்துடு." ஏன் நான்? நந்திதுர்க் தங்கச் சுரங்கத்து எலக்ட்ரீஷியன்களில் வீட்டில் யாரும் காத்திருக்காத ஆள் நான் ஒருவன்தான். அது அவருக்கும் தெரியும்.

இரண்டு மணிச் சங்கு ஊதியதும் நேரே பங்களா. அசிஸ்டென்ட் மேனேஜர் துரையும் அவர் சம்சாரம் அம்மாவும் மெட்ராஸில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார்கள். அடுத்த திங்கள்தான் வருவார்களாம். வீட்டில் இருப்பது துரையின் அப்பா, பெரிய ஐயா. பக்கவாதம், வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் குழறல். உடம்பில் சூடு ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்னதால்தான் அவர் அறையில் இந்த மிஷின். அவரைப் பார்த்துக்கொண்டு சமையலும் செய்வது ரோசம்மா. என் வயதுதான் இருக்கும். புருஷன் போய் ஆறு வருஷம், ஒரே மகளை பங்காருபேட்டையில் கட்டிக் கொடுத்திருக்கிறார்.

மிஷின்: சுவரில் பொருத்திய ஏ.சி. வீட்டுக்குள் ஏ.சி. இருந்து நான் பார்த்தது இது ஒன்றுதான். சுவிட்சைப் போட்டால் 'ம்ம்' என்று முனகல், விசிறி சுற்றவில்லை. முன் தட்டியைக் கழற்றி மூங்கில் குச்சியால் விசிறியை ஒரு தள்ளு. பிடித்துக்கொண்டு ஓடியது. ஆக மோட்டார் நல்லது. அதைக் கிளப்பிவிடும் கண்டென்சர் அவுட்.

தோட்டக்காரர் ஒரு பக்கம் பிடிக்க மிஷினை வெளியே இழுத்தேன். பல்பு கட்டிய கம்பியை வைத்து, தேங்கிய கரண்டை இறக்கிய பிறகுதான் தொட்டது. சுவிட்சை அணைத்த பிறகும் கண்டென்சர் ஷாக் அடிக்கும். டின் வயிறு உப்பி, எண்ணெய் கசிந்து கிடக்கிறது. மேலே கெப்பாசிட்டர் என்று இங்கிலீஷில் அச்சு. சுரங்கத்தில் இருப்பவை எல்லாம் ட்ரங்குப் பெட்டி சைஸ், இது உள்ளங்கை அளவு. பெங்களூரிலிருந்துதான் வர வேண்டும். ஸ்டோரில் சீட்டு எழுதிக் கொடுத்தாயிற்று.

அதுவரை நான் தினம் இரண்டேகாலுக்குப் போய்க் குச்சியால் தள்ளிவிடுவது, சாயங்காலம் அணைப்பது. காலையிலும் ராத்திரியிலும் இங்கே குளிர் மிஷின் வேண்டாம். மதியம்தான் தகரக் கூரை கொதிக்கும்.

கிளம்பும்போது ரோசம்மா, "இன்னாண்ணா, மதியானம் சாப்ட்டீங்களா?" சாப்பிட்டேன் என்றேன். "சாப்ட்ட மூஞ்சா இது?" என்று சமையல்கட்டில் உட்கார வைத்துச் சோறு போட்டார். கருவாட்டுக் குழம்பு.

என்னோடு இருந்த தம்பி ஜனவரியில் பிலாய் இரும்பாலை வேலைக்குக் குடும்பத்தோடு போனான். அதற்கப்புறம் யாரும் என்னை அப்படிக் கேட்கவில்லை.

6-5-69, செவ்வாய்

வெயில். இரண்டு பத்துக்கே போய்விட்டேன். ஒரு தள்ளு, ஓடியது. பெரிய ஐயா இடது கைக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

கண்டென்சர் இல்லாமல் ஓடினால் மோட்டார் சூடேறும், அரைமணிக்கு ஒரு தரம் தொட்டுப் பார்க்க வேண்டும். இது உண்மை. அதற்காக ஐந்தரை மணி வரை உட்கார்ந்தே ஆக வேண்டும் என்று ரோசம்மாவிடம் சொன்னது அவ்வளவு உண்மை இல்லை. ஒரு மணி நேரம் ஓட்டி, கொஞ்சம் ஆறவிட்டு, மறுபடி தள்ளிவிட்டுப் போகலாம்.

பேசிக்கொண்டே கீரை ஆய்ந்தார். எதிர்வீட்டு நாய், மாப்பிள்ளையின் கோபம், ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் தக்காளி அழுகல். "நீங்க ஒண்ணும் பேச மாட்டீங்களாண்ணா? வாயில இன்னா கொழுக்கட்டையா கீது?" கேட்டுக்கொண்டிருப்பதே எனக்குப் போதும் என்று சொல்லத் தெரியவில்லை. நானும் இரண்டு கீரைத்தண்டை எடுத்து ஆய்ந்தேன். தண்டை வைத்துக்கொண்டு இலையைப் போட்டுவிட்டேன். சிரித்தார்.

வாங்க: மண்ணெண்ணெய், பிளேடு, இன்லண்ட் லெட்டர்.

தம்பிக்கு எழுத வேண்டும். இங்கு அனைவரும் நலம் என்று ஆரம்பிக்க வேண்டும். அனைவரும் என்றால் நான்.

7-5-69, புதன்

போனேன். தள்ளினேன். ஓடியது. மோட்டார் சூடு, பரவாயில்லை.

பெரிய ஐயாவுக்கு ரேடியோவில் செய்தி வைத்தேன். பாதியில் 'ஏய்' என்று அதட்டினார். சத்தம் போதவில்லையாம்.

ரோசம்மா கேட்டார்: "அந்தக் குச்சிய இங்கியே உட்டுட்டுப் போனா நானே தள்ளிட மாட்டனா? தினம் இந்த வெயில்ல எதுக்கு லோல் படறீங்க?" வேண்டாம், கை மாட்டும் என்று சொல்லிக் குச்சியைப் பையில் போட்டுக்கொண்டேன். ஆபத்துதான். ஆனால் நான் எடுத்து வந்தது அதற்காக இல்லை.

குடியிருப்பு லைனுக்குத் திரும்பும்போது எல்லா வீட்டிலும் அடுப்புப் புகை, என் வீடு மட்டும் பூட்டு. திறந்ததும் ஒரு வெறுமை முகத்தில் அடிக்கிறது. சுவரில் தம்பி பிள்ளைகளின் பென்சில் கிறுக்கல். வெள்ளையடிக்க மனசு வரவில்லை.

8-5-69, வியாழன்

கண்டென்சர் வந்துவிட்டது.

பதினோரு மணிக்கு ஸ்டோர் கிளார்க் கையில் கொடுத்தார். அதே மைக்ரோஃபேரட், அதே 440 வோல்ட். மெழுகுக் காகிதத்தில் சுற்றி, டிபன் பைக்குள் வைத்தேன். மாட்டுவதற்கு இருபது நிமிஷம் போதும். மாட்டத்தான் போனேன், சத்தியமாக.

ரோசம்மா கதவைத் திறந்ததும், "வாங்கண்ணா, இன்னிக்கு உங்களுக்காவ கொழுக்கட்ட அவிச்சேன். வாயில வெச்சிக்கினே பேச மாட்டேங்கறீங்கல்ல?" என்று சிரித்தார். அப்புறம், "இன்னா, வந்துச்சா அந்தச் சாமான்?"

"இன்னும் வரலம்மா."

யோசித்துச் சொல்லவில்லை. வாய் சொல்லிவிட்டது. பை கையில் இருந்தது. குச்சியை எடுத்துத் தள்ளினேன். பெரிய ஐயா கட்டைவிரல். கொழுக்கட்டை ஐந்து சாப்பிட்டேன்.

9-5-69, வெள்ளி

இன்றும் சொன்னேன். நேற்றாவது வாய் தவறியது என்று வைத்துக்கொள்ளலாம். இன்று பையில் கொண்டுபோகாமல் வீட்டு அலமாரியிலேயே வைத்துவிட்டுப் போனேன்.

ஞாயிறுதோறும் புத்த விஹாரத்தில் பஞ்சசீலம் சொல்லும் வாய் இது. பொய் பேசேன் என்பது நான்காவது.

சுரங்கத்தில் பழுதான இயந்திரத்துக்கு என்ன செய்வேன்? சுவிட்சை அணைத்து, ஃபியூஸ் கட்டையை உருவி, சிவப்பு அட்டை கட்டுவேன். என் கையெழுத்து இல்லாமல் மேனேஜரே வந்தாலும் போட முடியாது. இருபது வருஷத்தில் ஒருநாள் தவறியதில்லை. இங்கே கட்டவில்லை. அட்டை கட்டிய மிஷினுக்குத் தினமும் ஆள் போக வேண்டியதில்லை.

நாளை ஒருநாள். ஞாயிறு காலை மாட்டிவிடுவது. முடிவு.

10-5-69, சனி

பதினொன்றே முக்காலுக்குத் தரை குலுங்கியது. கீழே சுரங்கத்தில் பாறை வெடிப்பு, பர்ஸ்ட். பெஞ்சில் இருந்த ஸ்பேனர்கள் எல்லாம் தரையில். ஓடினோம். ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜை இழுக்கும் வின்டருக்கு மின்சாரம் போய்விட்டது, அதைத் திரும்ப ஏற்றி, கடைசி ஆள் மேலே வரும் வரை யாரும் நகரக்கூடாது என்று உத்தரவு. வாசலில் பெண்கள் கூட்டம். ஒருத்தி ஒவ்வொரு கேஜுக்கும், "அதுல கீறாரா? அதுல கீறாரா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு கேஜில் அவள் புருஷன் வந்தார். எல்லோரும் வந்துவிட்டார்கள். இரண்டு பேருக்குக் கால் முறிவு. ஆறேமுக்கால் ஆகிவிட்டது.

வாசலில் எனக்காக யாரும் நிற்கவில்லை. நிற்பதற்கு யார் இருக்கிறார்கள். ஆனாலும் கண் தேடியது.

இரண்டு மணிக்கு பங்களா ஞாபகம் வந்தது. ஒரு ஆளிடம் சொல்லி அனுப்பியிருக்கலாம். சாயங்காலம் தானே குளிர்ந்துவிடும் என்று இருந்துவிட்டேன்.

11-5-69, ஞாயிறு

விஹாரத்துக்குப் போகவில்லை. எட்டு மணிக்குக் கண்டென்சருடன் பங்களா.

கதவைத் தோட்டக்காரர் திறந்தார். ரோசம்மா சமையல்கட்டில் உட்கார்ந்திருந்தார். வலது கையில் கட்டு, மணிக்கட்டு வரை. எனக்கு இதை எழுத வரவில்லை. எழுதுகிறேன்.

நேற்று நான் வரவில்லை. அறை கொதித்தது. மூன்று மணிக்குப் பெரிய ஐயாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்திருக்கிறது. நான் செய்வதைத்தான் ரோசம்மா தினமும் பார்த்திருக்கிறாரே, தட்டியைக் கழற்றி, சுவிட்சைப் போட்டு, அவரே தள்ளியிருக்கிறார். குச்சி என் பையில். கையில் கிடைத்தது ஒரு அடி ஸ்கேல். நீளம் போதவில்லை. விசிறி கிளம்பும்போது கை உள்ளே இருந்திருக்கிறது. நடுவிரல், மோதிரவிரல். ஆறு தையல். மோதிரவிரலை இனி முழுக்க மடக்க வராது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம்.

துணியைச் சுற்றிக்கொண்டு, முதலில் மிஷின் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, பெரிய ஐயாவுக்கு மூச்சு சரியானதும்தான் தோட்டக்காரரைக் கூப்பிட்டிருக்கிறார்.

"உங்கள கொறை சொல்லி இன்னாண்ணா ஆவப்போவுது? பர்ஸ்ட் ஆன அன்னிக்கு யாரு வர முடியும்? நீங்க நல்லா கீறீங்கல்ல, அது போதும்."

இதைவிட இரண்டு அறை விட்டிருக்கலாம்.

கண்டென்சரை மாட்டினேன். பழையதைக் கழற்றி, வயர் இரண்டையும் அதே முனையில் பூட்டி, சுவிட்சைப் போட்டதும் யாரும் தொடாமலே விசிறி சுற்றியது. இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. "எப்போ வந்துச்சு?" என்று கேட்டார். நேற்று என்றேன். மூன்றாவது பொய்.

12-5-69, திங்கள்

துரை வந்துவிட்டார். நாலு மணிக்குப் பியூன் வந்து கூப்பிட்டான்.

வராந்தாவில் துரை, அம்மா. ஓரமாக ரோசம்மா. அம்மா பேசிக்கொண்டிருந்தார்: "மிஷின்ல கை வைக்கச் சொல்லி உன்கிட்ட யார் சொன்னது? மாமாவுக்கு ஏதாவது ஆகியிருந்தா? இந்தக் கையை வச்சுக்கிட்டு இனிமே என்ன வேலை செய்வே? பொண்ணு வீட்டுக்குப் போய் இரு. நான் வேற ஆள் பாத்துக்கறேன்." ரோசம்மா தலை குனிந்து நின்றார். மருமகன் வீட்டில் போய் உட்காருவதைவிட சயனைடு குடிக்கலாம் என்று அவர் போன வாரம் என்னிடம் சொன்னது ஞாபகம் வந்தது.

துரை என்னைப் பார்த்து, "கௌதமன், பார்ட் வர லேட்டானா மெயினை ஆஃப் பண்ணி வச்சிருக்க வேண்டாமா?"

சொல்லிவிட்டேன். வியாழனே வந்துவிட்டது சார். வெள்ளியும் சனியும் என் அலமாரியில் இருந்தது. தப்பு ரோசம்மா மேல் இல்லை.

"எதுக்கு மறைச்சே?" என்றார் துரை. திருடத்தான் என்று நினைத்தாரோ என்னவோ.

"வீட்ல யாரும் இல்ல சார். இங்க வந்தா பேச்சு கீது."

வெட்கமாக இருந்தது. நாற்பத்துமூன்று வயதில் நாலு பேர் முன்னால் இதைச் சொல்ல வேண்டியிருந்தது. துரை வெளியே பார்த்தார். மெமோ வரும், பதில் எழுதிக் கொடு என்றார். அப்புறம் அம்மாவிடம் மெதுவாக, "ரோசம்மா இருக்கட்டும். கை ஆறுற வரைக்கும் உதவிக்கு ஒரு ஆள் வச்சுக்கலாம்."

அது போதும். ரோசம்மா என் பக்கம் திரும்பவே இல்லை.

14-5-69, புதன்

மெமோ வந்தது. மூன்று மாதம் ஓவர்டைம் கிடையாது. கையெழுத்துப் போட்டேன். ஃபோர்மேன் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார்.

ஷிப்ட் முடிந்ததும் கால் பங்களா பக்கம் திரும்பியது. திருப்பிக்கொண்டு வந்தேன்.

தம்பிக்குக் கடிதம் எழுதினேன். நடந்ததை எழுதவில்லை. பிள்ளைகளை லீவுக்கு அனுப்பச் சொல்லி எழுதினேன்.

17-5-69, சனி

நேற்று மழை. இன்று காற்று கொஞ்சம் ஈரம்.

ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட். ரோசம்மா கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார், இடது கையால். கட்டு சின்னதாகியிருக்கிறது. நான் மீன்கடைத் தூணுக்குப் பின்னால் போய் நின்றேன். பார்த்துவிட்டார். நேரே வந்தார்.

"இன்னாண்ணா, ஒளிஞ்சிக்கினு? நான் இன்னா போலீசா?"

மன்னிச்சுக்கம்மா என்று மட்டும் சொன்னேன். பையைக் கீழே வைத்தார்.

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேண்ணா. சொம்மா வந்து குந்திக்கினு போறேன்னு சொல்லியிருந்தா வேணாம்னா சொல்லியிருப்பேன்? எனக்கு மட்டும் அந்த ஊட்ல பேச யாரு கீறா?"

மீன்காரர் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். எங்கிருந்து தைரியம் வந்ததோ, கேட்டேன்.

"இப்போ கேட்டா?"

கையைப் பார்த்தார். விரலை மடக்கப் பார்த்தார், பாதிதான் மடங்கியது.

"இப்போ வேணாண்ணா."

சரிம்மா என்றேன். பையைத் தூக்கிக் கொடுக்கக் குனிந்தேன். அதற்குள் அவரே இடது கையால் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.