உன் வெறும் நெற்றி

பிள்ளையார்பட்டிக் குடைவரையில் வடக்கு நோக்கி அமர்ந்தருளும் வலம்புரி விநாயகனே, என் தூரிகையும் நாவும் பொய் சொல்லாதபடி காத்தருள்வாய்.

அன்பு நண்பா,

எத்தனை முறை கழுவியும் இந்த அக்ரிலிக் வண்ணத்தின் வாடை விரலை விட்டுப் போகவில்லை. சோற்றைப் பிசைந்தால் சோற்றிலும் அதுவே வருகிறது. தட்டில் மிஞ்சிய வண்ணம் காய்ந்து, பாம்புச் சட்டைபோல் முழுத்தோலாக உரிகிறது, தொடவே கூசுகிறது. ஆயுள் முழுதும் தெய்வத் திருவுருவங்களை எழுதிய கையால் உன்னை, ஒரு ராக் பாடகனை, இந்தப் பிளாஸ்டிக் குழம்பில் எழுத நேர்ந்தது.

உன் அண்ணன் மகன் கேட்டு வந்தான். காரைக்குடியில் உங்கள் பெரிய வீட்டை ஓட்டல் ஆக்குகிறான். முகப்பில் மதுக்கூடமாம், அதன் பின்சுவரில் உன் படமாம். நீ நோயில் கிடந்து மறைந்தபோது எட்டிப் பாராதவன், "எங்க சித்தப்பாதான் இந்த ஊரு ராக் ஸ்டாரு" என்று கண் கலங்கினான். விளக்கொளியில் பளபளக்க அக்ரிலிக்தான் வேண்டும் என்றான். உன் முகம் என்பதால் ஒப்புக்கொண்டேன்.

பாதி எழுதியிருக்கையில் மறுபடி வந்தான்.

"சித்தப்பா ரொம்பச் சாதுவா இருக்காக ஐயா. நெத்தியில ஒரு கண்ணு வைங்க, கழுத்துல பாம்பு, கையில கிட்டாரு. வாரவுக செல்பி எடுக்கணும்ல?"

"அவன் மனுசன்ப்பா. சாமி இல்ல."

"ஒரு கண்ணு கூடத்தானே ஐயா? அதுக்குப் போயி இம்புட்டு யோசிக்கிறீக!"

எனக்கு அருவருத்தது. திருவுருவத்தில் கண்ணை இறுதியாகவே எழுதுவோம். நீராடி, நோன்பிருந்து, நடுங்கும் மனத்தோடு. கண் திறத்தல் என்பது அதுதான். ஈசனுக்கே உரிய அந்தக் கண்ணைச் சாராயக் குப்பிகளுக்கு மேலே திறக்கச் சொன்னான்.

உன் பாட்டும் எனக்கு உவந்ததில்லை. ஓதுவார் பண்ணில் ஊறிய செவிக்கு உன் எலக்ட்ரிக் கிட்டார் தகரக் கூரையில் கல்மாரி பொழிவதாகவே கேட்டது. அதை உன் முகத்துக்கு நேரே சொன்னேன். நீயோ சிரித்தாய்: "வாங்க சாமியாரே! இன்னைக்கு எந்தச் சாமிக்குக் கண்ணு தொறந்துட்டு வாரீக?"

இளையாத்தங்குடிக் கோயிலுக்கு உன் மோட்டார் சைக்கிளில் அழைத்துப் போவாய். கோபுர வாசலோடு நின்றுவிடுவாய். உள்ளே வரச் சொன்னால், "நம்பாமக் கும்பிட்டா நடிப்புடா. நீ போயிட்டு வா, செருப்ப நான் பாத்துக்கிறேன்" என்பாய். ஒருமுறை நான் நீட்டிய திருநீற்றை நெற்றியில் இடாமல் தாளில் மடித்து, என் சட்டைப் பையிலேயே போட்டாய். "பூசுறவனுக்குக் குடு." ஊர் திரும்பும்வரை நான் உன்னோடு பேசவில்லை.

உன் அண்ணன் மகன் போனபின் என் கையும் அலைந்தது. நெற்றிக்கண் வேண்டாம்; வெள்ளையில் மூன்று கீற்று இட்டால் என்ன? என் நெடுநாள் ஆசை. இனி நீ மறுக்கவும் முடியாது. தூரிகையைத் தோய்த்தும் விட்டேன். அவன்மேல் எழுந்த அருவருப்பு அப்போது என்மேல் திரும்பியது. குப்பி விற்க அவன் உன் நெற்றியைக் கேட்டான். என் பக்தியைக் காட்ட நான் கேட்டேன். தூரிகையைக் கழுவினேன்.

நெற்றியை வெறுமையாக விட்டேன். பாடும்போது நீ மூடிக்கொள்ளும் கண்களை மூடியபடியே எழுதி முடித்தேன். "யாரோ தூங்குற மாதிரியில்ல இருக்கு!" என்று அவன் படத்தை வேண்டாமென்றான். கணினியில் வரையச் சொல்லி வாங்கிக்கொள்வானாம். அங்கே உனக்கு எத்தனை கண் முளைக்குமோ!

படம் இப்போது என் வீட்டில் இருக்கிறது. பூசை அறைக்குள் அல்ல, அதன் வாயிலுக்கு வெளியே. வழிபாடு முடித்துத் திருநீற்றுக் கையோடு வரும்போதெல்லாம் விரல் உன் நெற்றியை நோக்கி எழுகிறது. திருப்பி, என் நெற்றியிலேயே இட்டுக்கொள்கிறேன்.

இம்மடலைப் படிக்கும் அன்பர்காள், உங்கள் மனைகளில் விளக்கும் விளைவும் குன்றாதிருக்கட்டும். உள்ளே வராமலே வாசலில் நின்று உங்கள் செருப்பைக் காக்கும் ஒருவனை உங்களுக்கும் உங்கள் மக்களுக்கும் இறைவன் அருளட்டும்.